பாம்பு கடிப்பதற்கு முன்பே செய்து வைக்க வேண்டியவை: பெங்களூரு பாம்பு மீட்பர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பன்னேர்கட்டா சாலை, பேகூர், சந்தாபுரா பக்கம் பாம்பு மீட்கும் தன்னார்வலர்களோடு 11 வருடமாகச் சுற்றுகிறேன். நான் டாக்டர் இல்லை. பகலில் பொம்மசந்திராவில் லேத் பட்டறை. புதிதாகச் சேரும் பையன்கள், அவர்களுடைய அம்மாக்கள், அபார்ட்மென்ட் செயலாளர்கள் என்று எல்லோரும் கேட்பது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். போனில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன.

1. "முதல்ல இதைச் சொல்லுங்கண்ணா, வீட்ல நல்ல பாம்பு வளர்க்கலாமா?"

கூடாது. 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி நல்ல பாம்பு, கண்ணாடி விரியன் மாதிரியானவற்றை அனுமதியில்லாமல் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். வெளிநாட்டு விஷப்பாம்பு என்றால், சட்டத்தை விடுங்கள், அது கடித்தால் கொடுக்க இங்கே மருந்து இல்லை. ஏன் என்பது 14-ஆம் கேள்வியில் இருக்கிறது.

இந்தக் கேள்வி பதில்களை எழுதியது வேறு ஆட்களுக்கு. இரவில் மீட்ட பாம்பைக் காலையில் விடும்வரை வைத்திருக்கும் அனுமதி பெற்ற தன்னார்வலர், மிருகக்காட்சி சாலை ஊழியர், ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவர், அவர்கள் வீட்டு ஆட்கள். பாம்பு ஒரு ராத்திரி இருந்தாலும் சரி, ஒரு மாதம் இருந்தாலும் சரி, அது இருக்கும் இடத்தில் கடிக்கான ஏற்பாடும் இருக்க வேண்டும். மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978-இல் தொடங்கிய இருளர் கூட்டுறவுச் சங்கத்தில் பாம்புகளை மண்பானையில் வைத்து, விஷம் எடுத்து, சில வாரங்களில் காட்டில் விட்டுவிடுகிறார்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்தவர்களே ஒழுங்குமுறையோடு செய்கிற வேலை இது. நாம் அதைவிடக் கெட்டிக்காரர்கள் இல்லை.

2. "விஷமுறிவு மருந்து ரெண்டு பாட்டில் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வச்சுட்டா போதாதா?"

போதாது, வைக்கவும் வேண்டாம். விஷம் ஏறியதற்கான அறிகுறி தெரிந்தால் ஆரம்பமே 8 முதல் 10 பாட்டில். குழந்தைக்கும் அதே அளவுதான், ஏனென்றால் பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைப்பதில்லை. அது இடுப்பில் போடுகிற ஊசியும் இல்லை. ட்ரிப்பில் கலந்து ரத்த நாளம் வழியாக ஏற்ற வேண்டும்.

பெரிய ஆபத்து வேறு. அந்த மருந்து குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. சிலருக்கு ஏற ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடித்து, மூச்சு இரைத்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். அப்போது அட்ரினலின் ஊசியும் அதைப் போடத் தெரிந்த கையும் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டில் போட்டுக்கொண்டால் பாம்பு விட்டுவைத்தவரை மருந்து கொண்டுபோய்விடும். நாம் தயாராக வைத்திருக்க வேண்டியது மருந்து அல்ல, மருந்து இருக்கும் இடத்துக்குப் போகும் வழி.

3. "எந்த ஆஸ்பத்திரின்னு எப்படி முடிவு பண்றது?"

இந்த ஏற்பாட்டில் பாதி வேலை இதுதான். ஆரம்ப வருடங்களில் எங்கள் குழு ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு "ஏ.எஸ்.வி. இருக்கா" என்று கேட்டது. ஏ.எஸ்.வி. என்பது விஷமுறிவு மருந்துதான். "இருக்கு" என்றார்கள். எழுதி வைத்துக்கொண்டோம். ஒரு மழைக்கால இரவு தோட்டக்காரர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனபோது அங்கே இருந்தது 2 பாட்டில். அவர்கள் பொய் சொல்லவில்லை. நாங்கள்தான் கேள்வியைத் தப்பாகக் கேட்டிருந்தோம். வேறு இடத்துக்குப் போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம். நல்லவேளை, அவர் பிழைத்தார்.

இப்போது நேரில் போகிறோம், முடிந்தால் இரவு 9 மணிக்கு மேல். அவசரப் பிரிவில் கேட்பது: இப்போது கையிருப்பு எத்தனை பாட்டில்? ராத்திரி மருந்தக அறைச் சாவி யாரிடம்? வென்டிலேட்டர் காலியாக இருக்குமா? பாம்புக் கடி பார்த்த டாக்டர் இரவுப் பணியில் இருப்பாரா? டயாலிசிஸ் வசதி உண்டா? கடைசிக் கேள்வி கண்ணாடி விரியனுக்காக, அது சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். பதில் தெரியாமல் விழித்தால் அந்த இடத்தைப் பட்டியலில் சேர்ப்பதில்லை. அரசு ஆஸ்பத்திரியை அலட்சியமாக நினைக்காதீர்கள். கடி கேஸ்களை அதிகம் பார்த்த கை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். விக்டோரியா, பௌரிங், கே.சி. ஜெனரல் என்று அவரவர் பக்கத்தில் எது இருக்கிறதோ அங்கேயும் இதே கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் சாய்ஸ் ஒன்று, இரண்டாவது ஒன்று. மாதம் ஒரு தடவை போனில் கையிருப்பை உறுதி செய்ய வேண்டும். மே முதல் ஜூலை வரை கண்ணாடி விரியன் குட்டி போடும் காலம், அப்போது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை.

4. "சில்க் போர்டு டிராஃபிக்ல மாட்டிக்கிட்டா எல்லாம் போச்சே?"

அதனால்தான் தூரத்தைக் கிலோமீட்டரில் எழுதாதீர்கள், நிமிடத்தில் எழுதுங்கள். காலை 9, மாலை 7, நள்ளிரவு என்று மூன்று எண். 6 கிலோமீட்டரில் இருக்கும் ஆஸ்பத்திரி மாலையில் 55 நிமிடம், எதிர்த்திசையில் 14 கிலோமீட்டரில் இருப்பது 30 நிமிடம் என்றால், மாலை நேரத்துக்கு இரண்டாவதுதான் பக்கம்.

108-க்கு அழைத்துவிட்டுக் கார் கிளம்பத் தயாராக இருக்கட்டும். எது முன்னால் நகர முடியுமோ அதில் ஏறுங்கள். கடிபட்டவர் ஓட்டவே கூடாது. வண்டியில் இன்னொருவர் பக்கத்தில் இருந்து மூச்சைக் கவனிக்க வேண்டும். வாந்தி வந்தால் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். பாதி வழியில் கண் இமை தொங்கினாலோ, பேச்சு குழறினாலோ, எச்சில் விழுங்க முடியாவிட்டாலோ பட்டியலை மறந்துவிடுங்கள். மூச்சுக்குக் குழாய் போடத் தெரிந்த முதல் ஆஸ்பத்திரியில் நிறுத்துங்கள். மருந்தைத் தேடி மேலே போவது அப்புறம்.

5. "நாங்க அட்டிபெலேல இருக்கோம். ஓசூர் போனா கர்நாடகாக்காரங்கன்னு திருப்பி அனுப்புவாங்களா?"

உயிர் போகிற அவசரத்தில் எல்லைக் கோட்டைப் பார்க்காதீர்கள். அட்டிபெலேயிலிருந்து பெங்களூருக்குள் வருவதைவிட ஓசூர் பக்கம். 3-ஆம் கேள்வியில் சொன்ன விசாரிப்பை ஓசூரிலும் செய்து, பட்டியலில் எழுதிவிடுங்கள். ஒரே ஒரு விஷயம், சோதனைச் சாவடிப் பக்கம் லாரி நெரிசலை எந்த நேரத்தில் எதிர்பார்க்கலாம் என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. "கடிச்ச உடனே முதல் ரெண்டு நிமிஷத்துல என்ன செய்யணும்?"

முதலில் பாம்பு. கடிபட்டவர் பின்வாங்க, இரண்டாவது ஆள் பாம்பை டப்பாவில் அடைத்துப் பூட்ட வேண்டும். முடியாவிட்டால் அறைக்கதவைச் சாத்தி, கதவடியில் துணியைச் செருகிவிட்டு வெளியே வாருங்கள். இரண்டாவது கடி வாங்கியவர்கள் நிறைய.

அப்புறம் உட்கார வையுங்கள். மோதிரம், வாட்ச், வளையல், கொலுசு, இறுக்கமான ஷூ எல்லாம் உடனே கழற்ற வேண்டும். வீங்கிய பிறகு மோதிரத்தை அறுத்துத்தான் எடுக்க முடியும். கடித்த நேரத்தைப் பேனாவால் கையிலேயே எழுதுங்கள். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவது மாதிரி ஒரு சட்டமோ அட்டையோ வைத்துத் தளர்வாகக் கட்டி அசையாமல் வையுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். காயத்தைக் கீறுவது, உறிஞ்சுவது, கழுவுவது, ஐஸ் வைப்பது எதுவும் வேண்டாம். வலிக்கு ஆஸ்பிரின், புரூஃபென் கொடுக்காதீர்கள், ரத்தம் உறையாத பிரச்சினையை அவை இன்னும் மோசமாக்கும்.

7. "கட்டுப் போடக் கூடாதுன்னு சொல்றீங்க, ஆஸ்திரேலியால போடறாங்களே?"

போடுகிறார்கள், சரிதான். அங்கே கிரேப் பேண்டேஜை விரல் நுனியிலிருந்து மேல்வரை சுற்றி அழுத்துவார்கள். அங்குள்ள பாம்புகளின் விஷம் பெரும்பாலும் கடித்த இடத்தைப் பெரிதாக அரிப்பதில்லை. நமக்குக் கண்ணாடி விரியன் இருக்கிறது. அதன் விஷத்தை ஒரே இடத்தில் தேக்கி வைத்தால் அந்த இடத்துச் சதை கெட்டுப்போகும். கட்டு விரியன், நல்ல பாம்பு என்று உறுதியாகத் தெரிந்து, பேண்டேஜைச் சரியான அழுத்தத்தில் சுற்றப் பழகியவர்கள் செய்யலாமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே இரு கருத்து உண்டு. எங்கள் குழுவில் வேண்டாம் என்று முடிவு செய்தோம். பதற்றத்தில் சுற்றுகிற கை அதைக் கயிற்றுக் கட்டாக்கிவிடும்.

கயிறு கட்டி வந்தவரைப் பார்த்தால் நீங்களாக அவிழ்க்காதீர்கள். தேங்கிய விஷம் ஒரே மூச்சில் உள்ளே போகும். டாக்டர் முன்னால் அவிழ்ப்பதுதான் நல்லது.

8. "வலியே இல்ல, வீக்கமும் இல்ல. காலைல போனா போதுமில்ல?"

இப்படிக் கேட்டுவிட்டுத் தூங்கப் போன ஆட்களைத்தான் கட்டு விரியன் கொல்கிறது. அதன் கடி எறும்பு கடித்த மாதிரி கூட இருக்காது. தூக்கத்தில் கடித்துவிட்டுப் போகும். விடியற்காலை வயிற்றுவலி, வாந்தி, கண் இமை தூக்க முடியாமை, அப்புறம் மூச்சுத் திணறல். வயிற்றுவலி என்று கஷாயம் குடித்துப் படுத்தவர்கள் உண்டு.

விஷம் இறக்காத வெறும் கடியும் உண்டு, ஆனால் அதை முடிவு செய்யும் இடம் ஆஸ்பத்திரி. 24 மணி நேரம் கண்காணிப்பில் வைப்பார்கள். ரத்தத்தைக் காய்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து உறைகிறதா என்று பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் கண்ணாடி விரியன் அல்லது சுருட்டை விரியன் விஷம் ஏறியிருக்கிறது. இவ்வளவு எளிமையான சோதனை எத்தனையோ பேரைக் காப்பாற்றியிருக்கிறது.

9. "பாம்பைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணுமா?"

வேண்டாம். நம் மருந்து 4 முக்கியப் பாம்புகளுக்கும் சேர்த்துத் தயாரித்தது, டாக்டர் அறிகுறியைப் பார்த்துத்தான் சிகிச்சை செய்வார். தூரத்திலிருந்து ஒரு போட்டோ போதும். அடித்த பாம்பைப் பையில் போட்டுக்கொண்டு போவது இன்னும் ஆபத்து. செத்த பாம்பின் தலை, துண்டான தலை கூட, கொஞ்ச நேரம் வரை கடிக்கும்.

மீட்பருக்கு இதில் ஒரு வசதி உண்டு. கையில் இருப்பது என்ன பாம்பு என்று அவருக்கு முன்பே தெரியும். அதனால் டப்பாவின் மேல் பெயரை எழுதி ஒட்டுவது கட்டாயம். கன்னடத்திலும் எழுதுங்கள்: நல்ல பாம்பு நாகர ஹாவு, கண்ணாடி விரியன் கொளக்கு மண்டல, கட்டு விரியன் கட்டு ஹாவு, சுருட்டை விரியன் கரகஸ மண்டல. இரவுப் பணி நர்ஸுக்குத் தமிழ்ப் பெயர் புரியாமல் போகலாம். இன்னொன்று, துணிப்பை வழியாகவும் பல் இறங்கும். பையை அப்படியே தொடையில் சாய்த்துப் பிடிக்காமல் உடனே டப்பாவுக்குள் வையுங்கள்.

10. "குட்டிதானே சார், அதுக்கெல்லாம் இவ்வளவா?"

குட்டிக்கும் பிறந்த அன்றே விஷம் உண்டு. பெரியதைவிடக் குட்டிக்கு விஷம் அதிகம் என்று சொல்வதும் கதைதான். இரண்டுக்கும் ஒரே நடைமுறை. விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையன் என்று நினைத்துக் கட்டு விரியன் குட்டியைக் கையில் எடுத்தவனை எனக்குத் தெரியும். அவனுக்குக் கடி விழவில்லை. அதன் பிறகு கையால் எடுப்பதை விட்டுவிட்டான்.

11. "வீட்ல நான் மட்டும்தான். தனியா இருக்கும்போது கடிச்சா?"

தனியாக இருக்கும்போது டப்பாவைத் திறக்கக் கூடாது. தண்ணீர் வைக்க, படம் எடுக்க, நண்பனுக்கு வீடியோ கால் காட்ட, எதற்கும். இதற்கு விதிவிலக்கு எழுதாதீர்கள், எழுதினால் அந்த விதிவிலக்கில்தான் கடி விழும்.

அப்படியும் நடந்துவிட்டால் முதலில் வாசல் கதவைத் திறந்து வையுங்கள், மயங்கினால் வருகிறவர்கள் உள்ளே வர வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டு 108, அப்புறம் பக்கத்து வீடு அல்லது செக்யூரிட்டி. கன்னடம் தெரியாவிட்டாலும் "ஹாவு கச்சிதெ" என்று சொல்லுங்கள், பாம்பு கடித்திருக்கிறது என்று அர்த்தம். அட்ரஸைத் தெரிந்த அடையாளத்தோடு சொல்லிவிட்டு வாசலருகில் உட்காருங்கள்.

12. "அட்டைல என்னென்ன எழுதணும்?"

கடி விழுந்தால் ஆஸ்பத்திரியில் காட்ட முன்பே எழுதி வைக்கும் அட்டை இது. பெயர், வயது, எடை, ரத்த வகை, ஒவ்வாமை, ஆஸ்துமா உண்டா, தினசரி மாத்திரைகள் (ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை இருந்தால் சிவப்பில்), முன்பு விஷமுறிவு மருந்து ஏற்றியிருக்கிறதா, வீட்டாரின் இரண்டு எண்கள். கீழே மூன்று வெற்றிடம்: பாம்பின் பெயர், கடித்த நேரம், அறிகுறி தொடங்கிய நேரம். பின்பக்கம் இரண்டு ஆஸ்பத்திரிகளின் அவசரப் பிரிவு எண்ணும் 4-ஆம் கேள்வியில் சொன்ன நிமிடங்களும். லேமினேட் செய்து ஒன்று டப்பா பக்கத்தில், ஒன்று வண்டியில். போனில் மட்டும் வைத்திருந்தால், பூட்டுப் போட்ட போனைத் திறக்க முடியாமல் மனைவி தவிப்பார்.

13. "டிரில் எல்லாம் ஓவரா இல்லையா?"

நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 11 மணிக்கு, சொல்லாமல் கொள்ளாமல், குழுவில் ஒருவனுக்குக் கடி விழுந்ததாக வைத்துக்கொண்டோம். அட்டை இருந்தது, ஆஸ்பத்திரி எண் இருந்தது, எல்லாம் கச்சிதம். ஆனால் அவனுடைய கார் பின்னால் இன்னொருவர் நிறுத்தியிருந்தார். அவர் பிளாட் எண் செக்யூரிட்டிக்குத் தெரியவில்லை. லிஃப்டில் தூக்கிக்கொண்டு இறங்கினால் கீழ் கேட்டில் பூட்டு, சாவி செயலாளர் வீட்டில், செயலாளர் திருவண்ணாமலை கிரிவலத்தில். கேட்டைத் தாண்ட 14 நிமிடம். ஆஸ்பத்திரிக்குப் போக 18.

இப்போது சாவி ஒன்று செக்யூரிட்டி அறையில் தொங்குகிறது. பாம்பு இருக்கும் இரவில் வண்டி கேட்டுக்கு வெளியே, மூக்கு சாலையைப் பார்த்து நிற்கும். வருடத்துக்கு இரண்டு தடவை டிரில். ஒரு தடவை கட்டாயம் மழையில்.

14. "மருந்து கேக்காத பாம்பு ஏதாவது இருக்கா?"

இருக்கிறது. நம் மருந்து நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தை வைத்துத் தயாரிப்பது. ராஜ நாகமும் வெளிநாட்டு விஷப்பாம்புகளும் அந்தப் பட்டியலில் இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையிலுள்ள குழிவிரியன்களுக்கும் அது சரியாக வேலை செய்யாது. குடகு, சிக்கமகளூரு பக்கம் மீட்புக்குப் போகும் தம்பிகள் இதைக் கவனிக்க வேண்டும். அங்கே குழிவிரியன் கடித்தால் ரத்தம் ஏற்றுவது, சிறுநீரகத்தைப் பார்த்துக்கொள்வது மாதிரியான துணைச் சிகிச்சைதான் கை கொடுக்கும். ஆகவே பெரிய ஆஸ்பத்திரியே முதல் சாய்ஸ்.

நான்கிலும் கூட ஊருக்கு ஊர் விஷம் மாறுகிறது. நம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வுக்கூடம் இதைத் தொடர்ந்து சோதித்து எழுதிவருகிறது. 10 பாட்டிலுக்கு அடங்காமல் மேலும் தேவைப்பட்டால் டாக்டரைச் சந்தேகப்படாதீர்கள்.

15. "டாக்டரே டெஸ்ட் டோஸ் போடணும்னு நிறுத்தி வச்சா என்ன பண்றது?"

சங்கடமான கேள்விதான். டெஸ்ட் டோஸ் என்பது ஒவ்வாமை வருகிறதா என்று பார்க்க முதலில் கொஞ்சமாகப் போடும் மருந்து. மத்திய சுகாதார அமைச்சகத்தின் சிகிச்சை வழிகாட்டியே டெஸ்ட் டோஸ் வேண்டாம் என்கிறது. அது ஒவ்வாமையை முன்கூட்டிக் காட்டுவதில்லை, நேரம்தான் போகிறது. வழிகாட்டியின் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்து அட்டையோடு வைத்திருக்கிறோம். "சார், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று நீட்டுவோம். சண்டை போட மாட்டோம், உயிரைக் காப்பாற்றப் போவது அவர்தான். அறிகுறி இல்லாமலேயே "பயத்துக்கு ஏத்துங்க" என்று வற்புறுத்துவதும் தப்பு.

இன்னொரு விஷயம்: 2024 பிப்ரவரியில் கர்நாடகா பாம்புக் கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய்களில் சேர்த்தது. அந்த வருட நவம்பரில் தமிழ்நாடும் சேர்த்தது. தனியார் ஆஸ்பத்திரியும் கணக்குக் கொடுக்க வேண்டும். "போலீஸ் கேஸ் ஆகுமோ" என்று கடியை மறைத்து, கண்ணாடி குத்தியது என்று சொல்லும் அபத்தம் வேண்டாம்.

16. "எனக்கு முன்னாடி ஒரு தடவை ஏத்தியிருக்கு. மறுபடி ஏத்தலாமா?"

ஏற்றலாம், ஏற்றித்தான் ஆக வேண்டும். ஒவ்வாமை வரும் வாய்ப்பை மனதில் வைத்து டாக்டர் அட்ரினலினோடு தயாராக இருப்பார். அதனால்தான் 12-இல் அந்த வரி. பாம்பு விஷத்துக்கே ஒவ்வாமை வளர்ந்தவர்களும் உண்டு. பலமுறை கடிபட்டதால் உடம்பு பழகிவிட்டது என்று மீசையை முறுக்கும் மூத்தவர்கள் இதைக் கொஞ்சம் படிக்க வேண்டும்.

17. "டிஸ்சார்ஜ் ஆகி வந்தாச்சு. எப்ப மறுபடி வேலைக்கு வரலாம்?"

அவசரப்படாதீர்கள். மருந்து ஏறி ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், மூட்டுவலி, அரிப்பு வரலாம். அது மருந்தின் பின்விளைவு, போய்க் காட்டினால் சரியாகும். கண்ணாடி விரியன் கடி என்றால் சிறுநீர் குறைகிறதா என்று பாருங்கள், டாக்டர் சொன்ன தேதியில் ரத்தப் பரிசோதனையைத் தவறவிடாதீர்கள்.

எங்கள் குழுவில் திரும்ப வருகிறவர் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும்: என்ன செய்துகொண்டிருந்தேன், கை எங்கே இருந்தது, யார் பக்கத்தில் இருந்தார்கள், எத்தனை மணி. "தெரியல அண்ணா, திடீர்னு கடிச்சிடுச்சு" என்று எழுதிய தாளை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஒருவன் மூன்று தடவை எழுதினான். மூன்றாவது தடவைதான் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்ற வரி வந்தது.